ஒரு பேச்சு, ஒரு புனைபெயர், நூறு வருட மறதி: யார் இந்த அன்னா ரூலிங்?

1904 அக்டோபர் 8. பெர்லின் நகரில் பிரின்ஸ் ஆல்பிரெக்ட் ஹோட்டல். உள்ளே ஓர் அமைப்பின் ஆண்டுக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. டாக்டர்கள், வழக்கறிஞர்கள், எழுத்தாளர்கள் சேர்ந்து நடத்தும் அமைப்பு அது. அதில் பெரும்பாலும் ஆண்கள்தான். அந்தக் கூட்டத்தில் பேச ஒரு இளம்பெண் எழுந்து நிற்கிறார். வயசு 24. பெயர் அன்னா ரூலிங்.

தன்பாலீர்ப்பாளர்களின் பிரச்சினை தீர்வதில் பெண்கள் இயக்கத்துக்கு என்ன அக்கறை இருக்கிறது என்பதுதான் அவர் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு. பெண்களை நேசிக்கும் பெண்களைப் பற்றி, அவர்களுடைய உரிமைக்காக, ஒரு பெண்ணே பொதுமேடையில் அரசியலாகப் பேசியதில் இதுவரை தெரிந்த முதல் பேச்சு இது. அதனால்தான், உலகில் முதலில் அறியப்பட்ட லெஸ்பியன் உரிமைச் செயல்பாட்டாளர் என்று வரலாற்றாசிரியர்கள் இவரைச் சொல்கிறார்கள்.

அதன் பிறகு? அவர் இன்னும் சுமார் 49 ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஆனால், 1904-ல் பேசிய அன்னா ரூலிங் யார், எங்கே பிறந்தார், எப்படி வாழ்ந்தார், எங்கே இறந்தார் என்பது 21-ம் நூற்றாண்டு தொடங்கும் வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. காரணம், அன்னா ரூலிங் என்பது அவருடைய உண்மையான பெயரே இல்லை.

கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

வயலினில் தொடங்கிய வாழ்க்கை

அவருடைய உண்மையான பெயர் தியோடோரா அன்னா ஷ்ப்ரூங்லி. சுருக்கமாக தியோ அன்னா. 1880 ஆகஸ்ட் 15 அன்று துறைமுக நகரமான ஹாம்பர்க்கில் பிறந்தார். சின்ன வயசில் வயலின் மீதுதான் ஆசை. ஆனால், கையில் ஏற்பட்ட பிரச்சினை அந்த வழியை அடைத்துவிட்டது. பேனாவைப் பிடித்தார். இருபது வயசு ஆவதற்கு முன்பே பத்திரிகைகளுக்கு எழுத ஆரம்பித்து, பிறகு பெர்லினுக்கு வந்தார். அங்கே பெரிய பத்திரிகை அதிபரான அவுகுஸ்ட் ஷெர்லின் நிறுவனத்துக்காக வேலை செய்தார். இசை, நாடகம் பற்றியெல்லாம் எழுதினார்.

அன்றைய ஜெர்மனியில் ஒரு இளம்பெண் எழுதிச் சம்பாதித்துத் தனியாக வாழ்வது சாதாரண விஷயம் இல்லை. எவ்வளவு கஷ்டம் என்று புரிய, அப்போதிருந்த சட்டங்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

அந்த நாட்டில் பெண்களின் நிலை என்ன?

1900-ல் ஜெர்மனி முழுமைக்கும் பொதுவான சிவில் சட்டம் அமலுக்கு வந்தது. குடும்ப வாழ்க்கையின் பொது விஷயங்களில் கடைசி முடிவு கணவனுடையது என்றது அந்தச் சட்டம். மனைவி கல்யாணத்துக்குக் கொண்டுவந்த சொத்தை நிர்வகிக்கும் அதிகாரமும் பொதுவாகக் கணவனுக்கே. ஓட்டுரிமை கிடையாது. நாட்டின் மிகப் பெரிய மாநிலமான பிரஷ்யாவில் பெண்கள் அரசியல் சங்கங்களில் உறுப்பினராகச் சேரவே தடை. 1850-ல் வந்த அந்தத் தடை 1908-ல்தான் நீங்கியது. பிரஷ்யப் பல்கலைக்கழகங்களில் ஆண்களைப் போல முறையான மாணவிகளாகப் பெண்கள் சேர முடிந்ததும் அதே 1908-ல்தான்.

ஆசிரியை வேலை மட்டும் படித்த பெண்களுக்குத் திறந்திருந்தது. அதிலும் ஒரு நிபந்தனை: கல்யாணம் செய்துகொண்டால் வேலை போய்விடும். வேலையா, குடும்பமா, ரெண்டில் ஒன்றைத்தான் ஒரு பெண் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அரசே சொன்ன காலம் அது.

இதை எதிர்த்துத்தான் பெண்கள் இயக்கம் வளர்ந்தது. 1894-ல் பல சங்கங்கள் ஒன்றுசேர்ந்து ஜெர்மன் பெண்கள் சங்கங்களின் கூட்டமைப்பை உருவாக்கின. கல்வி வேண்டும், வேலை வேண்டும், பின்னர் ஓட்டு வேண்டும் என்று கோரிக்கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன.

175-வது பிரிவு என்ன சொன்னது?

இன்னொரு பக்கம், குற்றவியல் சட்டத்தில் 175-வது பிரிவு. 1871-ல் ஜெர்மனி ஒரே பேரரசானதும் பிரஷ்யாவின் பழைய சட்டம் நாடு முழுக்க நீட்டப்பட்டது. ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான பாலுறவு சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றது அது. சிறைக்குப் போனவர்களைவிட, போலீசிடம் சொல்லிவிடுவேன் என்ற மிரட்டலுக்குப் பயந்து வாழ்ந்தவர்கள் அதிகம். இப்படி மிரட்டிப் பணம் பறிப்பதையே தொழிலாக வைத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

இதை ஒழிக்க 1897 மே மாதம் பெர்லின் டாக்டர் மேக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் சில நண்பர்களோடு சேர்ந்து ஓர் அமைப்பைத் தொடங்கினார். பெயர், அறிவியல் மனிதநேயக் குழு. தன்பாலீர்ப்பாளர்களின் உரிமைக்காக உலகில் தோன்றிய முதல் அமைப்பு என்று இதைச் சொல்வார்கள். 175-வது பிரிவை நீக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள். சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் அவுகுஸ்ட் பேபெல் அதில் கையெழுத்துப் போட்டதோடு, 1898-ல் நாடாளுமன்றத்திலும் பேசினார்.

இந்தக் குழுவின் ஆண்டுக் கூட்டத்தில்தான் அன்னா ரூலிங் பேசினார்.

இங்கே ஒரு கேள்வி வரும். 175-வது பிரிவு ஆண்களை மட்டும்தானே தண்டித்தது? அப்போ பெண்களுக்கு என்ன பிரச்சினை? அவருடைய பேச்சு முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்தான்.

அன்று அவர் பேசியது என்ன?

சட்டம் பெண்களைத் தொடவில்லை என்பது உண்மைதான்; ஆனால், பிரச்சினை பெண்களையும் தொடுகிறது. இதுதான் அவருடைய முதல் வாதம். ஊருக்குப் பயந்து, சந்தேகம் வராமலிருக்க, ஆண்களை நேசிக்கும் ஒரு ஆண் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்கிறான் என்று வையுங்கள். அந்தக் கல்யாணத்தில் நாசமாவது யாருடைய வாழ்க்கை? அந்த ஆணுடையது மட்டும் அல்ல, ஒன்றும் தெரியாமல் வந்த அந்தப் பெண்ணுடையதும்தான். ஆண்களின் பிரச்சினை என்று பெண்கள் இயக்கம் ஒதுக்கிவைத்த விஷயத்தில் எத்தனையோ மனைவிகள் சிக்கியிருக்கிறார்கள் என்று காட்டினார்.

அடுத்தது, பெண்களை நேசிக்கும் பெண்கள். அவர்களை ஜெயிலில் போடச் சட்டம் இல்லை. ஆனால், கல்யாணம் என்ற கட்டாயம் இருக்கிறது. மகளின் மனசு எப்படிப்பட்டது என்று தெரியாத பெற்றோர், நல்லது செய்வதாக நினைத்து அவளைத் தள்ளிவிடுகிறார்கள். அவளுக்கும் நிம்மதி இல்லை, கட்டிக்கொண்டவனுக்கும் நிம்மதி இல்லை. சொந்தக் காலில் நிற்க ஒரு தொழில் இருந்தால் அவள் மறுத்துச் சொல்ல முடியும். அதனால், பெண்களுக்குக் கல்வியும் வேலையும் கேட்கும் போராட்டமும், இந்தப் பெண்களின் விடுதலையும் ஒன்றோடொன்று பின்னியவை என்றார்.

மூன்றாவதுதான் கூட்டத்தை நிமிர்ந்து உட்கார வைக்கக்கூடியது. பெண்கள் இயக்கம் தொடங்கிய நாளிலிருந்து அதன் முன்னணியில் தோள் கொடுத்தவர்களில் ஏராளமானோர் பெண்களை நேசிக்கும் பெண்களே. அவர்கள் உழைத்திருக்காவிட்டால் இயக்கம் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் பெயரையும் அவர் சொல்லவில்லை. பெயர் சொல்வது அவர்களைக் காட்டிக்கொடுப்பதாகும் என்பது அவருக்குத் தெரியும்.

அவர்களுடைய உழைப்பை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருக்கிறதே இந்த இயக்கம்? அதுதான் அவருடைய ஆதங்கம். இயக்கத்தின் பயமும் அவருக்குப் புரிந்தது. விடுதலை கேட்கும் பெண்களை ஏற்கெனவே ஊர் கேலி செய்கிறது. இதையும் சேர்த்துப் பேசினால் எதிரிகள் கையில் நாமே கல்லை எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்ற தயக்கம் அது. ஆரம்ப காலத்துக்கு அந்த எச்சரிக்கை சரி என்று ஒப்புக்கொண்டார். ஆனால், இயக்கம் இப்போது காலூன்றி நிற்கிறது. இனியும் மௌனமாக இருப்பது நியாயம் இல்லை என்றார்.

கடைசியில் இரண்டு இயக்கங்களும் கை கோக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்தப் பேச்சு 1905-ல் ஹிர்ஷ்ஃபெல்டின் குழு வெளியிட்ட ஆண்டு மலரில் முழுதாக அச்சானது. அது அச்சில் ஏறியதால்தான் இன்று நமக்கு அவரைத் தெரிகிறது.

இன்று படித்தால் உறுத்தும் இடங்கள்

அவரைப் புகழ்ந்து மட்டும் எழுதினால் பாதி உண்மைதான் சொன்னதாகும். அந்தப் பேச்சில் இன்று ஏற்க முடியாத கருத்துகளும் இருக்கின்றன.

ஹிர்ஷ்ஃபெல்ட் போன்றோர் அப்போது மூன்றாம் பாலினம் என்ற கோட்பாட்டை முன்வைத்தார்கள். அதாவது, தன்பாலீர்ப்பாளர்கள் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடைப்பட்ட ஓர் இயற்கையான வகை. பிறவியிலேயே அப்படி இருப்பவர்களைத் தண்டிப்பது அநியாயம் என்ற வாதம். நீதிமன்றத்தில் எடுபடக்கூடிய வாதம்தான். ரூலிங்கும் அதையே எடுத்துக்கொண்டார்.

ஆனால், அதை வைத்து இன்னொரு முடிவுக்கும் போனார். பெண்களை நேசிக்கும் பெண்களிடம் ஆண்களின் குணங்கள் இருக்கின்றன. அதனால், அவர்கள் தெளிவாகச் சிந்திப்பவர்கள், செயல்வேகம் மிக்கவர்கள், படிப்பு தேவைப்படும் தொழில்களுக்கு ஏற்றவர்கள் என்றார். மற்ற பெண்கள் உணர்ச்சிவசப்படுபவர்கள் என்ற பழைய எண்ணத்தை அவர் கேள்வி கேட்கவில்லை. அறிவு ஆணுக்கு, உணர்ச்சி பெண்ணுக்கு என்ற கோட்டை அப்படியே விட்டுவிட்டு, தன்னைப் போன்றவர்களை அந்தக் கோட்டின் மறுபக்கம் நகர்த்தி வைத்தார்.

எல்லாப் பெண்களின் சமத்துவத்துக்காகப் போராடியவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்? அவர் கேட்ட கூட்டணிக்கு அவருடைய வாதமே ஓரளவு இடைஞ்சலாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பின்னாளில் அந்தப் பேச்சைப் பெருமையோடு மீட்டெடுத்த பெண்ணிய ஆய்வாளர்களும் இந்தக் குறையைச் சுட்டிக்காட்டாமல் விடவில்லை.

பெண்கள் இயக்கம் என்ன பதில் சொன்னது?

கிட்டத்தட்ட ஒன்றும் சொல்லவில்லை. பெரிய கூட்டமைப்பு அந்தக் கோரிக்கையைக் கையில் எடுக்கவே இல்லை.

இதில் ஒரு வினோதம் உண்டு. அதே இயக்கத்தின் பெரிய தலைவர்கள் பலர் இன்னொரு பெண்ணோடு வாழ்க்கையைப் பகிர்ந்துகொண்டவர்கள். சூரிச்சில் 1897-ல் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற அனிதா அவுக்ஸ்புர்க், ஹாம்பர்க்கைச் சேர்ந்த லிடா குஸ்டாவா ஹைமான் இருவரும் 1902-ல் பெண்கள் ஓட்டுரிமைச் சங்கத்தைத் தொடங்கியவர்கள். சாகும் வரை நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றாக வாழ்ந்தார்கள். மிதவாத அணியின் ஹெலெனே லாங்கே, கெர்ட்ரூட் போய்மர் இருவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தங்களை லெஸ்பியன் என்று இவர்கள் யாரும் வெளியில் சொல்லிக்கொண்டதில்லை. அதனால், அவர்கள் உறவுக்கு நாம் பெயர் வைக்க வேண்டியதில்லை. ஆனால், இரண்டு பெண்கள் சேர்ந்து ஒரு வாழ்க்கையை நடத்துவது அந்த இயக்கத்துக்குப் புதுசு இல்லை. அதைப் பற்றிப் பேசுவதுதான் புதுசு.

ஒன்றை இங்கே நியாயமாகச் சொல்ல வேண்டும். மௌனத்தைக் கலைக்கச் சொன்னவரும் புனைபெயரில்தான் பேசினார். பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்கும் ஒரு பெண், சொந்தப் பெயரில் இதைப் பேசியிருந்தால் மறுநாள் வேலை இருந்திருக்குமா? அந்தத் தலைவர்களை எந்தப் பயம் பேசவிடாமல் செய்ததோ, அதே பயம்தான் அவரை ரூலிங் என்ற பெயருக்குள் ஒதுங்க வைத்தது.

ஐந்தே வருடத்தில் வந்த சோதனை

இது ஆண்களின் பிரச்சினை என்று ஒதுங்கியவர்களை 1909-ல் வந்த ஒரு வரைவு உலுக்கியது. குற்றவியல் சட்டத்தைத் திருத்தி எழுத அரசு வெளியிட்ட முதல் வரைவு அது. அதில் பழைய 175-வது பிரிவு, 250 என்ற புது எண்ணோடு வந்தது. கூடவே ஒரு மாற்றம்: இனி பெண்களுக்கும் தண்டனை.

அப்போதுதான் பலருக்கு விஷயத்தின் தீவிரம் புரிந்தது. இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் வாடகையைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்தாலே சந்தேகம் கிளப்பலாம், மிரட்டலாம், போலீசுக்கு மொட்டைக் கடிதாசி எழுதலாம். கல்யாணம் ஆகாமல் வேலை பார்க்கும் பெண்கள் அப்படி வாழ்வது அன்று ரொம்பச் சாதாரணம். தாய்மைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர் ஹெலெனே ஷ்டோக்கர் இதை எதிர்த்து எழுதினார். 1911-ல் அவருடைய சங்கம் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. ஹிர்ஷ்ஃபெல்டின் குழுவும் பெண்ணியவாதிகளில் ஒரு பகுதியினரும் ஒரே பக்கம் நின்றார்கள். ரூலிங் கேட்ட கூட்டணி, ஆபத்து வாசலுக்கு வந்த பிறகு சின்ன அளவில் உருவானது.

அந்த வரைவு சட்டமாகவில்லை. 1914-ல் முதல் உலகப் போர் மூண்டதும் சட்டத் திருத்த வேலையே நின்றுபோனது.

இந்த எதிர்ப்பில் ரூலிங்கின் குரல் ஏன் கேட்கவில்லை? ஏனென்றால், அவர் அதற்குள் அந்த மேடையை விட்டே போய்விட்டார்.

மேடைக்குப் பின்னால் என்ன நடந்தது?

பேச்சுக்குப் பிறகு ஒரே ஒரு முறை அந்தப் பெயர் மறுபடியும் தலைகாட்டியது. 1906-ல் லைப்சிக் நகரில் மாக்ஸ் ஷ்போர் பதிப்பகம் ஒரு சிறுகதைத் தொகுப்பை வெளியிட்டது. ஹிர்ஷ்ஃபெல்டின் வெளியீடுகளைத் துணிந்து அச்சிட்ட பதிப்பகம் அது. கதைகளில் பெண்களை நேசிக்கும் பெண்கள் வந்தார்கள். தலைப்பு, உங்களில் பாவம் செய்யாதவர் யார் என்று கேட்கும் பைபிள் வசனத்திலிருந்து எடுத்தது.

அடுத்த ஆண்டே சூழ்நிலை மோசமானது. 1907-ல் பேரரசர் இரண்டாம் வில்லெல்முக்கு நெருக்கமானவர்கள் மீது ஒரு பத்திரிகை ஆசிரியர் தன்பாலுறவுக் குற்றச்சாட்டு கிளப்ப, வழக்குகள் வரிசையாக நடந்தன. நாடே அதைப் பற்றிப் பேசியது. ஒரு வழக்கில் ஹிர்ஷ்ஃபெல்டே நிபுணர் சாட்சியம் சொன்னார். அனுதாபம் வளரவில்லை, வெறுப்புதான் வளர்ந்தது. அவருடைய குழுவுக்குக் கிடைத்துவந்த ஆதரவும் சரிந்தது.

அந்த ஆண்டுகளில்தான் தியோ அன்னா ஷ்ப்ரூங்லி பெர்லினை விட்டு மேற்கே, ரைன் நதிக்கரை நகரமான டியுசல்டார்ஃபுக்குக் குடிபெயர்ந்தார். பல பத்தாண்டுகள் அங்கேதான் வாழ்க்கை. பத்திரிகையாளராக, கலை விமர்சகராக வேலை. லெஸ்பியன் உரிமை பற்றி அவர் பொதுவெளியில் மறுபடி பேசியதாகத் தெரியவில்லை.

அது மட்டும் இல்லை. முதல் உலகப் போர் வந்தபோது தேசபக்திக் கட்டுரைகள் எழுதினார். ஜெர்மன் கடற்படைக்கு ஆதரவு திரட்டிய பெண்கள் அமைப்பிலும் வேலை செய்தார். பழமைவாத, தேசியவாதப் பெண்கள் வட்டத்தில் ஒருவரானார். அதே நேரத்தில் அவுக்ஸ்புர்க்கும் ஹைமானும் என்ன செய்தார்கள் தெரியுமா? 1915-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் நடந்த சர்வதேசப் பெண்கள் அமைதி மாநாட்டுக்காக உழைத்தார்கள். 1904-ல் துணிந்து பேசியவர் போரின் பக்கம் நின்றார். அன்று மௌனமாக இருந்தவர்கள் அமைதியின் பக்கம் நின்றார்கள். வாழ்க்கை வரலாறுகள் நாம் எதிர்பார்க்கிற மாதிரி நேர்கோட்டில் போவதில்லை.

வயதான பிறகு தெற்கே உல்ம் நகர நாடக அரங்கில் சில காலம் பணியாற்றினார். கடைசியாக வடக்கே டெல்மன்ஹோர்ஸ்ட் என்ற சிறு நகரத்துக்கு வந்தார். 1953 மே 8 அன்று, 72-வது வயதில் அங்கேயே இறந்தார்.

பொற்காலமும் இருட்டும்

ரூலிங் ஒதுங்கியிருந்த காலத்தில் பெர்லின் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறியது. 1918 நவம்பரில் பெண்களுக்கு ஓட்டுரிமை அறிவிக்கப்பட்டது. 1919 ஜனவரியில் முதல்முறையாக ஓட்டுப் போட்டார்கள். அதே ஆண்டு ஹிர்ஷ்ஃபெல்ட் பாலியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்தார். 1924-ல் லெஸ்பியன் பெண்களுக்கென்றே தோழி என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை வந்தது. பெர்லினின் பெட்டிக்கடைகளில் தொங்கியது. பெண்களுக்கான கிளப்புகள், நடன மாலைகள் வந்தன. 1929-ல் நாடாளுமன்றக் குழு ஒன்று 175-வது பிரிவை நீக்கப் பரிந்துரைக்கும் அளவுக்கு விஷயம் நெருங்கியது.

1933-ல் நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். பத்திரிகைகள், கிளப்புகள் மூடப்பட்டன. மே 6 அன்று ஹிர்ஷ்ஃபெல்டின் நிறுவனம் சூறையாடப்பட்டது. நான்கு நாள் கழித்து அதன் புத்தகங்கள் தெருவில் எரிந்தன. வெளிநாட்டுப் பயணத்தில் இருந்த அவுக்ஸ்புர்க்கும் ஹைமானும் நாடு திரும்பவே இல்லை. அவர்களுடைய நூலகமும் ஆவணங்களும் பறிபோயின. 1935-ல் 175-வது பிரிவு இன்னும் கொடூரமாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஆண்கள் வதை முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜெர்மனியில் அந்தப் பிரிவு பெண்கள் மீது பாயவில்லை. ஆனால், அவர்கள் கூடும் இடங்கள் எல்லாம் அழிந்தன. வேறு குற்றச்சாட்டுகளின் பேரில் பிடிபட்டு முகாமுக்குப் போன லெஸ்பியன் பெண்களும் உண்டு.

அந்த பிரின்ஸ் ஆல்பிரெக்ட் ஹோட்டல் என்ன ஆச்சு? நாஜிகளின் எஸ்எஸ் படைத் தலைமையகம் ஆனது. பக்கத்துக் கட்டடத்தில் ரகசிய போலீசான கெஸ்டாபோ. தன்பாலீர்ப்பாளர்களை வேட்டையாடியதில் பெரும் பங்கு இந்த ரெண்டு அமைப்புகளுக்கும் உண்டு. அவர்களுக்காக ஒரு 24 வயசுப் பெண் உரிமை கேட்ட அதே இடம். இன்று அந்த வளாகத்தில் நாஜிக் கொடுமைகளை ஆவணப்படுத்தும் அருங்காட்சியகம் இருக்கிறது.

அவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

1970-களில் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் புதிய பெண்ணிய அலை எழுந்தது. தங்களுக்கு முன்னால் யார் இருந்தார்கள் என்று இளம் ஆய்வாளர்கள் நூலகங்களைத் துழாவினார்கள். 1905 ஆண்டு மலரின் பக்கங்களில் ரூலிங்கின் பேச்சு கண்ணில் பட்டது. 1980-ல் அமெரிக்காவில் லில்லியன் ஃபேடர்மேனும் பிரிகிட்டே எரிக்சனும் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார்கள். 1981-ல் இல்சே கோகுலா அதை ஜெர்மனியில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

பேச்சு கிடைத்துவிட்டது, பேசியவர் கிடைக்கவில்லை. எந்தப் பதிவேட்டிலும் அன்னா ரூலிங் என்ற பெண்ணின் வாழ்க்கைத் தடம் இல்லை. 2003 வாக்கில்தான் ஜெர்மன் ஆய்வாளர் கிறிஸ்டியானே லைடிங்கர், ரூலிங்கும் தியோ அன்னா ஷ்ப்ரூங்லியும் ஒருவரே என்று நிறுவி, சிதறிக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து ஒரு வாழ்க்கை வரலாற்றுக் கோட்டோவியம் எழுதினார். அவர் இறந்து அரை நூற்றாண்டு, பேசி கிட்டத்தட்ட ஒரு நூற்றாண்டு ஆன பிறகு.

175-வது பிரிவும் மெதுவாகத்தான் செத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் மேற்கு ஜெர்மனி அதை நாஜிக் கால வடிவிலேயே வைத்திருந்தது. 1969-ல் தளர்த்தி, 1973-ல் இன்னும் தளர்த்தி, 1994-ல்தான் முழுதாக நீக்கினார்கள். போருக்குப் பிந்தைய தண்டனைகளை ரத்து செய்து இழப்பீடு தரும் சட்டம் வந்தது 2017-ல். அதே ஆண்டு தன்பாலினத் திருமணமும் சட்டபூர்வமானது. ரூலிங் பேசி 113 ஆண்டுகள்.

அவரை ஏன் நினைவில் வைக்க வேண்டும்?

அவர் களங்கமில்லாத தலைவி இல்லை. ஒரு முறை பேசினார், ஒரு புத்தகம் எழுதினார், விலகிவிட்டார். பிறகு போரை ஆதரித்தார். அவர் சொன்ன சில கருத்துகள் அன்றே தவறு.

ஆனால், அவர் எழுப்பிய கேள்வி மட்டும் இன்னும் பழசாகவில்லை. ஓர் இயக்கம் யாருடைய உழைப்பில் நிற்கிறது, யாருடைய பெயரைச் சொல்லக் கூச்சப்படுகிறது? நல்ல பெயர் கெட்டுவிடும், இப்போது வேண்டாம், அப்புறம் பார்க்கலாம் என்று எல்லா இயக்கங்களும் யாரையாவது காத்திருக்கச் சொல்கின்றன. அந்தக் காத்திருப்பு எவ்வளவு நீளும் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே கணக்கு. அவருக்குச் சொந்தப் பெயர் திரும்பக் கிடைக்கவே சுமார் நூறு ஆண்டுகள் ஆனது.